என் முதுகின் நான்கு எல்லைகள்

எங்கள் தெருவில் என் மகளின் வலது காலுக்கு ஒரு மதிப்பு உண்டு. வயிற்றுக்குள் தலை மேலும் கால் கீழுமாக உட்கார்ந்துகொண்டு, கடைசி வரை திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தவள் அவள். கால் முன்னே வரப் பிறந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது செஞ்சிப் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். நோவுக்காரர் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை தன் குதிகாலால் இடுப்புக்கு மேலிருந்து கீழே மூன்று முறை நீவிவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். மருந்து இல்லை, பத்தியம் இல்லை, ஸ்கேன் இல்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவளை ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். கத்தி வைத்து எடுத்த பிள்ளை, காலால் பிறந்த கணக்கில் வருமா வராதா? குழாயடியில் இதைப் பற்றிப் பெரிய வழக்கே நடந்தது. கடைசியில் என் மாமியார் தீர்ப்புச் சொன்னார். "வயித்துக்குள்ள எப்டி இருந்துச்சோ அதான் கணக்கு. வெளிய எட்த்தது டாக்டரு இஷ்டம்."

அந்தத் தீர்ப்பின் பேரில் முதலில் குப்புறப் படுத்தவள் நான்தான். அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. நான் அவளைத் தூக்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் செய்கிறேன். நிலத்தை விற்கும் பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். வடக்கே இன்னார் நிலம், தெற்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே பாறைப் புறம்போக்கு என்று நான்கு எல்லைகளையும் எழுதுவது. எழுதிவிட்டால் அந்த நிலம் வேறெங்கும் நகராது. வருடக்கணக்காக இதையே அடித்து அடித்து, எதைப் பார்த்தாலும் எல்லை கட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் வலிக்கும் கட்டினேன். வடக்கே இடுப்பெலும்பு. கிழக்கே முதுகுத்தண்டு. மேற்கே இடது தொடையின் வெளிப்பக்கம். தெற்கே இடது குதிகால். ஆனால் நிலத்துக்கு இருக்கிற யோக்கியதை இந்த வலிக்கு இல்லை. எழுதிய எல்லைக்குள் அது ஒருநாளும் நிற்கவில்லை.

அது ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கால்களை நீட்டி உட்கார்ந்து, மகளைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிவிட்டு, ஈரத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பாதி எழுந்த இடத்தில் இடுப்பில் ஏதோ பிடித்தது. இடது கால் முழுக்கக் கரண்ட் அடித்தது. பிள்ளையைக் கீழே போடாமல் எப்படி உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாமியார் ஓடி வந்து அவளை வாங்கிக்கொண்டார். அன்று வாங்கிக்கொண்டவர்தான்.

"முதுவுல ஊசி போட்டாங்க இல்ல, அதான்" என்றார்கள் வந்து பார்த்த எல்லோரும். பிரசவ ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண் பிற்பாடு தும்மினாலும் அந்த ஊசிதான் காரணம். எண்ணெய் தேய்த்தார்கள். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தண்டுவட எலும்புகளுக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். படுத்தே இருக்க வேண்டும், பெல்ட் போட வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, அடங்காவிட்டால் ஆபரேஷன். என் கணவர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். கம்பத்தில் ஏறப் பயப்படாத மனிதர், அந்த வார்த்தையைக் கேட்டு வேர்த்துப் போனார். அவரோடு வேலை செய்பவரின் அப்பா முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு காலை இழுத்து இழுத்து நடக்கிறாராம்.

பாரம் என்று டாக்டர் சொன்னது எது எது என்று எங்களுக்குள் பட்டியல் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குடம், சிலிண்டர், அரிசிப்பை, என் மகள்.

மூன்று மாதம் படுத்துக்கிடந்தேன். மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் எதில் அழுக்கு அதிகம் என்று எனக்கு மனப்பாடம். நடை பழகிய பிள்ளை கட்டிலருகே வந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். தூக்கு என்று சொல்லத் தெரியாத வயது. கைதான் பேச்சு. நான் அவள் தலையைத் தடவுவேன், கன்னத்தைத் தொடுவேன், பாட்டுப் பாடுவேன். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். கை வலிக்கும் வரை தூக்கிக்கொண்டே நிற்பாள். பிறகு அழுவாள். மாமியார் வந்து, "எங் கண்ணு, ஆயாகிட்ட வா" என்று அள்ளிக்கொண்டு போவார். அந்த அம்மாளுக்கும் முதுகு வலிதான். ஆனால் அவர் குனிவார், தூக்குவார், இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு கிளறுவார். அவர்மீது எனக்கு வந்த கோபத்துக்கு நியாயமே கிடையாது. இருந்தும் வந்தது.

ஒரு மதியம் அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பின்வாசல் நிலையைப் பிடித்து நின்றிருந்தேன். மகள் தோட்டத்தில் கையில் முறுக்கோடு உட்கார்ந்திருந்தாள். கோட்டையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் எங்கள் தெருவுக்குப் புதிது இல்லை. ஒன்று மதில்மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள், எழுந்தாள், என்னிடம் ஓடி வந்தாள். என் காலடியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். நான் குனிந்தேன். பாதிக்கு மேல் உடம்பு போகவில்லை. முதுகு பூட்டிக்கொண்டது, கால் செத்துப்போனது, என் கைகள் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டன. குரங்கு வந்து அவள் கையிலிருந்து முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு, அவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனது. நான் கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து அவளை எடுத்துக்கொண்டார்.

நகம்கூடப் படவில்லை. எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றினார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு என் மகள் என்னிடம் கைகளைத் தூக்கவில்லை. அழுதால் ஆயாவிடம் ஓடினாள், இருட்டினால் அப்பாவிடம் ஓடினாள். என்னைத் தாண்டி ஓடினாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதன்பிறகுதான் மாமியார் கால் வைத்தியத்தைத் தொடங்கினார். பாய் விரித்து என்னைக் குப்புறப் படுக்கவைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க, அம்மா முதுவுல, மெதுவா" என்று பழக்கினார். சின்னக் குதிகால். மேலிருந்து கீழே மூன்று முறை. முடிந்ததும் அவள் கையில் ஒரு பிஸ்கட். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. நோவினால் என்று நினைத்துக்கொண்டு மாமியார், "வுட்ரும், வுட்ரும்" என்றார். நான் அழுதது அதற்கில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் உடம்பு என்மேல் பட்டது அப்போதுதான்.

வலி ஒரு எல்லைகூட நகரவில்லை. ஆனால் சேதி பரவிவிட்டது. நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் வந்தார். பூக்காரம்மா வந்தார். நாள் முழுக்க பைக் ஓட்டுகிற தவணை வசூல்காரர்கூட வந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எங்கள் கூடத்தில் குப்புறப் படுத்தார். என் மகள் வரிசையாக மிதித்தாள், வரிசையாகக் கையை நீட்டினாள். அவர்களில் பாதிப் பேருக்குச் சரியாகிவிட்டது என்றார்கள். எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது. ஊருக்கெல்லாம் முதுகை நிமிர்த்துகிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, நான் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது என்று ஆபீசுக்குத் திரும்பப் போனேன். உட்கார்ந்தால் கால் எரியும். அதனால் நின்றுகொண்டே டைப் செய்தேன். ஒருநாள் அனந்தபுரத்திலிருந்து நிலம் பதிய வந்திருந்த ஒரு அக்காவும் உட்காரவில்லை. நாற்காலிகள் காலியாகக் கிடக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். பார்த்ததுமே இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"உனுக்குமா?" என்றார்.

"காலு வரைக்கும் போவுதுக்கா."

"எனக்கும் அப்டிதான் போச்சு. இப்ப பழக்கத்துல நிக்கிறேன். விழுப்புரத்துல பெரியாஸ்பத்திரில ஒரு மேடம் இருக்குறாங்க. கத்தி எடுக்க மாட்டாங்க. வேல வாங்குவாங்க. போய்ப் பாரு."

விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனேன். மண்டகப்பட்டு தாண்டுவதற்குள் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றதற்கு ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கம்பியில் தொங்கினேன். பெரியாஸ்பத்திரியில் அந்த மேடம் இருந்த மறுவாழ்வுப் பிரிவின் வாசலில் செயற்கைக் கால் மாட்டிப் பழகுகிறவர்களும், ஒரு பக்கம் கைகால் விழுந்துபோனவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அவர்களுக்கு நடுவே காத்திருக்கச் சொன்னார்கள். வெறும் முதுகு வலி என்று வந்தவளை இங்கே ஏன் அனுப்பினார்கள், யாரோ எதையோ என்னிடம் மறைக்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் என்னைவிடக் குள்ளமான பெண். என் ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, குதிகாலால் நட, நுனிக்காலால் நட, படுத்துக் காலைத் தூக்கு என்று என்னைத்தான் பார்த்தார். ஊசி முனையால் காலில் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு ஒரு மனித உருவம் வரைந்த தாளைக் கொடுத்து, வலி இருக்கிற இடத்தில் கோடு போடச் சொன்னார். நான் பழக்க தோஷத்தில் வடக்கே, தெற்கே என்று நான்கு எல்லையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த ஒரு வருடத்தில் என் வலியைப் பார்த்து யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது.

"ஆபரேஷன் இப்ப வேணாம்மா. கால்ல பலம் நல்லாருக்கு. பலம் கொறஞ்சாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியாம போனாலோ அன்னிக்கே ஓடி வரணும். அது இல்லாத வரைக்கும் பயிற்சியிலயே அடக்கிப் பாக்கலாம்."

"முதுகுல போட்ட ஊசியாலதானே மேடம்?"

"இல்ல. புள்ள பொறந்ததுல வயித்துத் தசை தளர்ந்திருக்கும். அதோட குனிஞ்சு குனிஞ்சு தூக்கினீங்க. அப்புறம் மாசக்கணக்கா படுத்திருந்தீங்க. படுத்ததுதான் ரொம்பக் கெடுத்துச்சு. அந்த பெல்ட்டக் கழட்டுங்க."

எல்லோரும் படு படு என்றதைக் கேட்டு மாதக்கணக்கில் படுத்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும். ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "வலி போகணும்னு சொல்லாதீங்க. போனா என்ன செய்வீங்க, அதச் சொல்லுங்க."

"எம் பொண்ணத் தூக்கணும்" என்றேன். அங்கேயே உடைந்து அழுதேன்.

அவர் என்னை அழ விட்டார். பிறகு, "எத்தனை கிலோ இருப்பா?" என்று கேட்டார்.

அதன் பிறகு என் நாட்கள் தரையில் கழிந்தன. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் நிமிர்த்த வேண்டும். முதல் வாரம் இடுப்பு வலி ஏறியது. பயந்துபோய் மறுபடி விழுப்புரம் ஓடினேன். "தெற்கு எல்லை இப்ப எங்க?" என்றார் டாக்டர். யோசித்துப் பார்த்தேன். குதிகாலில் இல்லை. முழங்காலுக்குக் கீழேயே இல்லை. "காலை விட்டு வலி மேல ஏறி வந்து இடுப்புல ஒடுங்குச்சுன்னா நல்லதும்மா. இடுப்புல கூடினாலும் பயப்படாதீங்க." திரும்பும்போது பஸ்ஸில் பாதித் தூரம் உட்கார்ந்து வந்தேன்.

தூக்கும் பயிற்சிக்கு மஞ்சப்பையில் கொஞ்சம் ரேஷன் அரிசி. முழங்காலை மடக்கிக் குந்தி, பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். தாங்கினால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஆழாக்கு. மாமியாருக்கு இது தாங்கவில்லை. "அரிசிப்பைய அணைச்சிகினு நிக்கிறா, பெத்த புள்ளைய கீழ வுட்டுட்டு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். என் மகள் அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு அடி அடித்துவிட்டுப் போவாள். கோட்டை மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிற வெளியூர்ப் பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகத் தண்ணீர் கேட்டு வருவார்கள். அவர்கள் மலையை ஏறி இறங்கிவிட்டார்கள். நான் இன்னும் அரிசியில் இருந்தேன்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. பிள்ளை வளரும். நான் பையில் அரிசி கூட்டக் கூட்ட, அங்கன்வாடித் தராசில் அவள் எடையும் கூடியது. ஒருமுறை தும்மியதில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. பையில் பாதி அரிசியைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். அந்த நேரத்தில் அவளுக்கு நல்ல பசி. மாமியார் நெய் ஊற்றிப் பருப்புச் சோறு ஊட்டுவார். ஒவ்வொரு வாயையும் நான் ஆழாக்குக் கணக்கில் எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு மாதம் அங்கன்வாடி டீச்சர் எடை ஏறவில்லை என்று கவலைப்பட்டுச் சொன்னபோது, என் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. உடனே என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளை இளைக்க வேண்டும் என்று நினைக்கிற இடத்துக்கு இந்த முதுகு என்னைக் கொண்டுவந்துவிட்டதே, இப்படி இருப்பதைவிட இல்லாமலே போய்விடலாம் என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் மஞ்சப்பையை எடுத்து வந்து என் எதிரில் வைத்தார். பிறகு, "நானும் கூட உக்காந்து எழுந்திரிக்கிறேன். வா" என்றார். கம்பம் ஏறுகிற மனிதர், என்னோடு சேர்ந்து குந்திக் குந்தி எழுந்தார்.

ஆனால் மகளுக்கு என் பயிற்சி வேறு விதமாகப் பட்டது. நான் பாயில் குப்புறப் படுத்தால் போதும். எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் வந்துவிடுவாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் மூன்று முறை நீவிவிட்டு, பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மற்றவர்களின் முதுகைப் பார்ப்பதுபோலத்தான் என் முதுகையும் பார்த்தாள். டாக்டரிடம் சொன்னேன். "அந்தச் சின்னக் காலால ஒண்ணும் ஆயிடாது. பெரியவங்க யாரையும் மிதிக்க மட்டும் விடாதீங்க" என்றார். எனக்கும் அதை நிறுத்த மனமில்லை. வேறு எதற்கு அவள் என்னிடம் வரப்போகிறாள்.

போன மாசிக்குப் பிறகு ஒருநாள், டாக்டர் தன் அறையில் மணல் மூட்டை ஒன்றை வைத்து என்னைத் தூக்கச் சொன்னார். என் மகளின் எடைக்குச் சரியாக இருந்தது அது. குந்தினேன், அணைத்தேன், எழுந்தேன். காலுக்குள் கரண்ட் இல்லை. வடக்கும் தெற்கும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. "போய்த் தூக்குங்க" என்றார். அவருக்கும் கண் கலங்கியது என்றுதான் நினைக்கிறேன். நான் சரியாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க உட்கார்ந்தே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் கூடத்தில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமியாரும் கணவரும் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் நீட்டி, "வாடா கண்ணு, அம்மா தூக்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மூடியைக் கீழே வைத்தாள். எழுந்து நடந்து வந்தாள். என் கைகளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் குதிகால் என் இடுப்புக்கு மேலே வந்து உட்கார்ந்தது. மேலிருந்து கீழே, அவசரமில்லாமல், மூன்று முறை.

பிறகு முன்னால் வந்து கையை நீட்டினாள். ஒரு கைதான். பிஸ்கட்டுக்கு.

நான் பிஸ்கட் எடுத்துவர எழுந்தேன். முதுகு கொஞ்சமும் வலிக்கவில்லை.